எண் ஏறாமல் பார்ப்பது எப்படி

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் திடீரென்று ‘காரணம்’, ‘செய்ய வேண்டியது’ என்று பாடப்புத்தகத்தின் குரல் கேட்டால் நீங்கள் திகைக்கக் கூடாது.

1998ஆம் ஆண்டு பினாங்கின் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில், ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மேல்மாடியில் எங்கள் மாலைநேரக் கணினி வகுப்பு நடந்தது. பகலில் நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சில்லுகளில் பழுது தேடுவேன். மாலையில் வகுப்புக்கு வருவேன். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அன்று படித்ததை நாட்குறிப்பில் வரிசையாக எழுதுவேன். வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது.

ஆசிரியை ரோஹானா ஒருநாள் எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். இணைய உலாவியில் அடிக்கடி வரும் பிழைச் செய்திகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வரச் சொன்னார். எனக்கு ஜோடியாக அமைந்தவர் ஏரம்பமூர்த்தி. துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பிலேயே வயதில் மூத்தவர்.

பாடத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் அதில் ஒரு பிழைச் செய்திக்கு எதிரே ‘செய்ய வேண்டியது’ என்ற இடத்தில் நான் எழுதியது பொய்யில்லை என்றாலும் முழுசாக உண்மையும் இல்லை. மிச்சம்தான் இந்தக் கதை.

(கதையில் ருக்குமணி என்று ஒருத்தி வருவாள். அது நான்தான். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியிலும் எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் அவளை எதிர்வரிசை நாற்காலிக்கு மாற்றிவிட்டு ஏரம்பமூர்த்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் மனதுக்குள் நடப்பதாக நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி என் ஊகம். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.)

2

தொடக்கங்கள்.

‘மழை வலுத்தது. ஏரம்பமூர்த்தி குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தபோது—’

[மழையோடு தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.]

‘ஏரம்பமூர்த்தி கல்நெஞ்சுக்காரர். பெற்ற மகளின் கல்யாணத்தன்று அலுவலகத்தில் கூடுதல் நேரம் வேலை பார்த்த மனிதர்.’

[நடந்தது இதுதான். ஆனால் இந்த வாக்கியத்தை எழுதியது என் கோபம். கோபத்துக்கு உண்டான காரணத்தை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.]

‘ஒரு குழந்தை. இரண்டு பற்கள். சிவப்பு பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் கணினி கற்றுக்கொள்ள வந்தார்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த வருடத் தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில், ஏரம்பமூர்த்தியின் தங்கை யோகம்மா அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். ஈப்போவிலிருந்து இதற்காகவே வந்தவள் போல இருந்தது.

“அண்ணே, புஷ்பத்துக்குப் பொம்பிளப் பிள்ளை பிறந்திருக்கு.”

அவர் மோர்க் குவளையைக் கீழே வைத்தார். “எனக்கேன் சொல்லுறாய்?”

“சொல்லாம? வள்ளியெண்டு பேர் வச்சிருக்கிறாள். அண்ணியின்ர பேர். இன்டர்நெட்டில படம் போட்டிருக்கிறாளாம். மாசத்துக்கு ஒண்டு. அட்ரஸ் எனக்கு மட்டும்தான் தந்தவள்.”

“யோகம், சனத்துக்க நிண்டு கத்தாதை.”

“நான் கத்தேல்லை. நீங்கதான் கத்துறியள்.”

மகள் புஷ்பராணி கணவனோடு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருந்தாள். கணவன் சந்திரசேகரன் நல்ல படிப்பாளி, நல்ல வேலைக்காரன். ஏரம்பமூர்த்தி அதை மறுத்ததில்லை. அந்தப் பையனின் தகப்பன் வெல்ட் கீ படகுத்துறையில் மூட்டை தூக்கியவர் என்பதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த குடும்பம். மேசைக்கு முன்னால் கைநாட்டு வைக்க நின்றவரின் வீட்டில் போய்ச் சம்பந்தி என்று உட்காருவதா? ஐந்து வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, பிறகு மகளோடு பேசவும் இல்லை. மனைவி வள்ளிநாயகி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள் என்பது அவருக்கும் தெரியும்.

யோகம்மா பந்தலில் அந்த இணைய முகவரியைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் நாற்பது வருடம் அனுமதிச் சீட்டு எண்களை ஒருமுறை கேட்டே மனதில் வைத்த தலை அது. பஸ் ஏறும்போது முகவரி முழுசாக உள்ளே இருந்தது, புள்ளி, கோடு உட்பட.

அடுத்த மாதம் வகுப்பில் சேர்ந்தார். ஏன் இந்த வயதில் என்று ரோஹானா கேட்டதற்கு, “காலத்தோட போகவேணும்” என்றார்.

சுட்டியைப் பிடிக்கப் பழகுவதற்கே அவருக்குச் சில வாரம் ஆனது. பிறகு ஒரு மாலை, ஜன்னலோரத்து மூன்றாம் கணினியில், மேலேயிருந்து கீழே மெதுவாக, திரை இறங்குவது போல, ஒரு படம் வந்தது. முதலில் முடி. பிறகு நெற்றி. நெற்றி வந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டுவதற்குள் கண்கள் வந்துவிட்டிருந்தன.

(வள்ளிநாயகியின் நெற்றி என்று நான் முதலில் எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன். ஆனால் கண்ணாடியைத் துடைத்தது நான் பார்த்தது.)

4

அதன்பின் வகுப்புள்ள ஒவ்வொரு மாலையும் வகுப்புக்கு முன்பாகவே வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு எண் இருந்தது. ஒரு நாள் அது கண்ணில் பட்டது. அடுத்த நாள் ஒன்று கூடியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் ஒன்று.

கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் நூர் முகம்மது. வயர், மோடம், ஷட்டர், தேநீர் எல்லாம் அவர் பொறுப்பு.

“நூர், இந்த நம்பர் என்னது?”

“அதுவா அங்கிள், எத்தன தடவ தொறந்தாங்கன்னு காட்டும். நீங்க தொறந்தா ஒன்னு ஏறும். பக்கத்தப் போட்டவங்க தொறந்தா ஏறாது.”

“ஆர் திறந்தது எண்டும் காட்டுமோ?”

“பேரெல்லாம் காட்டாது லா. நம்பர் மட்டும்தான்.”

ஏரம்பமூர்த்தி எண்ணையே பார்த்தார். நேற்று அவர் போன பிறகு வேறு யாரும் வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. இந்தப் பக்கத்துக்கு வருகிற ஒரே ஆள் அவர்தான்.

[இங்கே ஒரு சிறு விளக்கம். துறைமுக அலுவலகத்தில் அவருடைய வேலை, வாயிலைத் தாண்டிய ஆட்களின் எண்ணிக்கையையும் கொடுத்த அனுமதிச் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்று கூடினால் போதும், யார் அந்த ஒருவன் என்று தேடிப் பிடித்துவிடுவார். அதில் அவருக்குப் பேர் உண்டு. எண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பதற்கு உலகத்திலேயே கடைசி ஆள் அவர்.]

மகளும் இதே நேரத்தில் அங்கே உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்தான். ஒவ்வொரு மாலையும் ஒன்று ஏறுகிறது. யார் இந்த ஒருவர்? அவர் பெற்ற பிள்ளை. கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் சிரிப்பாள். யோகம்மாவிடம் சொல்லுவாள். யோகம்மா ஈப்போ முழுக்கச் சொல்லுவாள்.

“நம்பர் ஏறாமப் பாக்கேலாதோ, நூர்?”

நூர் முகம்மது அவரை மேலும் கீழும் பார்த்தார். “என்னா அங்கிள், திருட்டு வீடியோ பாக்கிற மாதிரில கேக்குறீங்க!”

“சும்மா கேட்டன்.”

“சும்மாவா கேட்டீங்க? சரி, இங்க பாருங்க.” நூர் முகம்மது பட்டியலில் ஓரிடத்தைச் சொடுக்கினார். “இப்ப லைன்ல இல்ல. ஆனாலும் பக்கம் வருதா? ஏற்கெனவே நீங்க பாத்தத கம்ப்யூட்டரு உள்ள ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கும். அதத்தான் காட்டுது. பெர்த்துல இருக்கிறவங்களுக்கு ஒன்னும் தெரியாது.”

“பெர்த் எண்டு நான் சொல்லேல்லையே.”

“படத்துக்குக் கீழ எழுதியிருக்கே அங்கிள்.”

அன்றிலிருந்து ஏரம்பமூர்த்தி காப்பியைத்தான் பார்த்தார். எண் அசையவில்லை. சிவப்பு வாளிக்குள் அதே இரண்டு பற்கள். மாதம் ஒரு படம் புதிதாக வரும் என்று யோகம்மா சொன்னது அவருக்கு மறந்துபோகவில்லை. மூன்றாவது பல் முளைத்திருக்கும், நிற்கப் பழகியிருக்கும், எல்லாம் தெரியும். ‘புதுப்பிக்கவும்’ என்ற பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. அழுத்தினால் புதுப் படம் வரும். எண்ணும் ஒன்று ஏறும்.

அழுத்தவில்லை. மே மாதம் போனது. ஜூன், ஜூலை போயின. குழந்தை அந்த மூன்றாம் கணினிக்குள் வளராமல் இருந்தது.

5

கோபத்தின் காரணம்.

பாடத்துக்காக ஜோடி சேர்த்த அன்று ஏரம்பமூர்த்தி ருக்குமணியிடம் கேட்ட முதல் கேள்வி: “அப்பா எங்க வேலை, பிள்ளை?”

“ஹார்பர்ல இருந்தாரு, அங்கிள்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்பிடியோ! எந்த செக்‌ஷன்? என்னைத் தெரிஞ்சிருக்குமே. ஆஃபீசிலயோ?”

“இல்ல அங்கிள். வெளியில.”

“ஓ” என்றார். நாற்காலியைச் சரி செய்வது போல அதைக் கொஞ்சம் நகர்த்தினார்.

எவ்வளவு நகர்த்தினார் என்று ருக்குமணி அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினாள். ஒரு கை அகலம். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் அவரோடு பாடத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவருக்காக நீங்கள் வருந்த வேண்டும் என்று நான் கேட்கலாமா? என் அப்பா இவர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கலாம். இவர் நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தியிருக்கலாம். இன்னொரு பக்கம், இவரைப் பற்றி எழுத என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. கொஞ்ச நாள் எழுதாமல் விட்டுப் பார்த்தேன். அந்த நாற்காலி நகர்ந்த சத்தம் காதில் நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்ததுதான் கண்ணில் நின்றது. எனவே தொடர்கிறேன்.)

6

செப்டம்பரில் நூர் முகம்மது எல்லாக் கணினிகளையும் சுத்தம் செய்தார். வன்தட்டில் இடம் நிறைந்துவிட்டதென்று உள்ளே தேங்கியிருந்த காப்பிகளையெல்லாம் ஒரே அடியாக அழித்தார். அது அவர் வேலை. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் பாடத்தை முடிப்பதற்காக ருக்குமணியும் ஏரம்பமூர்த்தியும் மட்டும் கூடத்துக்கு வந்தார்கள். அவள் வந்தபோது அவர் மூன்றாம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை வெள்ளையாக இருந்தது.

“பிள்ளை, இது வேலை செய்யுதில்லை.”

“என்னா பண்ணீங்க?”

“ஒண்டும் செய்யேல்லை. நேற்றுவரைக்கும் இருந்தது.”

அவள் குனிந்து பார்த்தாள். இணைப்பு இல்லாத நிலையில் இந்தப் பக்கத்தைக் காட்ட இயலாது என்று போட்டிருந்தது. “நூர் அண்ணே க்ளீன் பண்ணிட்டாரு அங்கிள். பழைய காப்பி போயிடுச்சு. லைன்ல போய்த் தொறக்கணும்.”

அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “நம்பர் ஏறுமே” என்றார்.

“என்ன நம்பர்?”

அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். வாளி, பற்கள், எண், யோகம்மா. மாப்பிள்ளையின் தகப்பனைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டு, “அவரும் வெளியிலதான்” என்றார்.

ருக்குமணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மோடத்தை முடுக்கினாள். அது வழக்கம்போலக் கீச்சிட்டது.

பாடத்தில் நாங்கள் எழுதிய வரிசையிலேயே அன்று எல்லாப் பிழையும் வந்தது. கதைக்காக அடுக்கிவைத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது. (மழையை இங்கே விட வேறு வழியில்லை.)

முதலில், சேவையகம் கிடைக்கவில்லை என்று வந்தது. காரணம்: முகவரியில் உள்ள பெயரைக் கணினியால் கண்டறிய முடியவில்லை. செய்ய வேண்டியது: முகவரியைச் சரிபார்க்கவும், வேறொரு தளத்தைத் திறந்து பார்க்கவும். வேறு தளமும் திறக்கவில்லை. தொலைபேசி இணைப்பே அறுந்திருந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

அடுத்து, நேரம் கடந்துவிட்டது என்று வந்தது. காரணம்: அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரத் தாமதமாகிறது. செய்ய வேண்டியது: சற்றுப் பொறுத்து மீண்டும் முயலவும்.

“சற்றெண்டா எவ்வளவு?” என்றார் அவர்.

“தெரியல அங்கிள். புக்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

பொறுத்தார்கள். மீண்டும் முயன்றார்கள். இந்த முறை பதில் உடனே வந்தது. 404. பக்கம் கிடைக்கவில்லை.

“திரும்ப அடி.”

அடித்தாள். 404.

“நான் சொல்லுறன், நீ எழுத்தெழுத்தா அடி.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு புள்ளி பிசகவில்லை. 404.

“லைன் பிழையா இருக்குமோ?”

“இல்ல அங்கிள். லைன் நல்லா இருக்கு. அங்க இருக்கிற மெஷின் நம்மகூடப் பேசுது. நீங்க கேட்ட பக்கம் எங்கிட்ட இல்லன்னு அதுதான் சொல்லுது.”

அவர் பாடக் குறிப்பை எடுத்து விரலால் தேடினார். “403 எண்டு ஒண்டு எழுதினமே?”

“அது வேற. அதுல பக்கம் இருக்கும். ஆனா நம்மளுக்குப் பெர்மிஷன் இல்ல.”

“அது வந்திருந்தா நல்லம்” என்றார்.

“ஏன் அங்கிள்?”

“கதவைச் சாத்தியிருக்கிறாள் எண்டு விளங்கும். சாத்தினாலும் ஆள் உள்ளதானே இருக்கிறாள்.”

7

404-க்கு எதிரே நாங்கள் எழுதியது: காரணம், பக்கம் நீக்கப்பட்டிருக்கலாம் அல்லது இடம் மாறியிருக்கலாம். செய்ய வேண்டியது, ஒன்று: முகவரியின் கடைசித் துண்டை வெட்டிவிட்டு, மேலே உள்ள பக்கத்துக்குப் போய்ப் பார்க்கவும். இரண்டு: தளத்தின் உரிமையாளரிடம் கேட்கவும்.

ருக்குமணி முகவரியின் கடைசியில் இருந்த கோப்பின் பெயரை அழித்தாள். 404. அதற்கு முன்னால் இருந்த குழந்தையின் பெயரை அழிக்க வேண்டும். அவள் கை தயங்கியது. “நீங்க அழிக்கிறீங்களா அங்கிள்?”

“நீயே செய்.”

அழித்தாள். வெற்றுப் பின்னணியில் ஒரு பக்கம் வந்தது. படம் இல்லை. அடியில் எண்ணும் இல்லை. ஆங்கிலத்தில் நான்கு வரி மட்டும். குமாஸ்தாவின் கண்கள் அவளுடையதைவிட வேகமாகப் படித்து முடித்தன. அவர் படித்ததை நான் தமிழில் எழுதுகிறேன்.

‘வள்ளியின் பக்கத்தை எடுத்துவிட்டோம். மே மாதத்திலிருந்து யாரும் பார்க்க வரவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு மாலையும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு எங்கள் நன்றி.’

அதற்குக் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி.

ஏரம்பமூர்த்தி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே நாசி கண்டார் கடைக்காரன் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வராம இருக்கிறது அவளுக்குத் தெரியாது எண்டு நினைச்சன்” என்றார்.

(இதற்கு ருக்குமணி ஆறுதலாக ஒரு நல்ல வாக்கியம் சொன்னாள் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ‘நீங்க மட்டும்தான் வந்தீங்கன்னா, அது நீங்கன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்’ என்று வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. முகவரியை மகள் யோகம்மா ஒருத்தியிடம் மட்டும் ஏன் சொன்னாள் என்பதும் அப்போதுதான் தோன்றியது. எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் தோன்றும். அங்கே நின்றபோது அவள் கேட்டது இதுதான்.)

“அங்கிள், கேக்கலாமா?”

“ஆரிட்ட?”

“ரெண்டாவது போட்டிருக்கோமே. உரிமையாளரிடம் கேட்கவும்னு.”

8

அவருக்கு மின்னஞ்சல் கணக்கு கிடையாது. வகுப்புக்கென்று பொதுவாக ஒன்று இருந்தது. ருக்குமணி அதைத் திறந்து, பெறுநர் இடத்தில் மகளின் முகவரியைப் போட்டு, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். இந்த முறை நாற்காலியை நகர்த்தியது அவள். அவர் எழுதுவதைப் பார்க்கக் கூடாதென்று.

ஆனாலும் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை கிடையாது.

அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால், ஆங்கிலத்தில், தங்கள் பக்கத்தைக் குறித்து எழுதுவது என்னவென்றால் என்ற பொருளில், அலுவலகக் கடிதம் போலத் தொடங்கினார். ஒரு வரி முடிந்தது. படித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தார்.

‘நான் நலம். நீங்கள்—’ என்று தொடங்கினார். அழித்தார்.

‘மே மாதம் முதல் எனக்கு உடம்பு—’ அதையும் அழித்தார். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு தன் பெயரை அடித்தார். தகப்பன் பெயரின் முதலெழுத்து, புள்ளி, ஏரம்பமூர்த்தி. அவர் கையெழுத்து அதுதான். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் போட்டது. திரையில் அது தனியாக நின்றது. அழித்தார். அப்பா என்று ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. அதை அடித்துவிட்டு விரலை எடுக்காமல் இருந்ததால் கடைசி எழுத்து மட்டும் வரிசையாக ஓடிக்கொண்டே போனது. பதறி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

“பிள்ளை, ஒண்டும் எழுதாம அனுப்பேலுமோ?”

“அனுப்பலாம். ஆனா இது கிளாஸ் அக்கவுன்ட். யாரு அனுப்பினதுன்னு அவங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்? பேராவது போடுங்க.”

“போட்டா என்ன செய்வாள்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“உன்ர அப்பா எண்டா? இப்பிடி அஞ்சு வருசத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரி போட்டா?”

ருக்குமணி யோசித்தாள். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தாள். “மொதல்ல நல்லா ஏசுவேன் லா” என்றாள். “எதுக்கு நிறுத்திட்டீங்கன்னு கேப்பேன்.”

“எதை நிறுத்தினது?”

“மே மாசத்துல வர்றத.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் அவளை நேராகப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று நாட்குறிப்பில் இருக்கிறது. பிறகு திரும்பி, வெறுமையாக இருந்த அந்த மடலில், அனுப்பு என்ற பொத்தானைத் தானே அழுத்தினார்.

மடல் போகவில்லை. நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி. இந்த மடலுக்குத் தலைப்பு இல்லை. உறுதியாக அனுப்ப விரும்புகிறீர்களா? கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, ரத்து.

(எங்கள் பாடத்தில் இந்தப் பெட்டி இல்லை. உலாவியின் பிழைகளை மட்டும்தான் ரோஹானா கேட்டிருந்தார்.)

9

முடிவுகள்.

அ. அவர் ‘சரி’யை அழுத்தினார். பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்தானே. மோடத்தை அணைக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அதில்—

[அதில் என்ன இருந்தது என்று எழுத நான்கு மாலை உட்கார்ந்தேன். மகள் எழுதும் எந்த வாக்கியத்தையும் என் கை நம்ப மறுத்தது.]

ஆ. அவர் ‘ரத்து’ அழுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பஸ்ஸில்—

[இதை எழுத ஒரு மாலை போதுமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததால்தான் வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் அவரைத் தனியாக உட்கார வைத்தால் உங்களுக்குக் கண் கலங்கும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே செய்யக் கூடாது.]

இ. அவர் ‘சரி’ அழுத்தினார். மடல் போனது. பெர்த்தில் புஷ்பராணி கணினியைத் திறந்தாள். யாரோ ஒரு கணினிப் பள்ளியிலிருந்து தலைப்பும் செய்தியும் இல்லாமல் ஒரு வெற்று மடல். விளம்பரமாக இருக்கும் என்று அழித்தாள்.

[இதுதான் நடந்திருக்க அதிகம் வாய்ப்புள்ளது. அதனாலேயே இதை எழுதிய தாளை மடித்து நாட்குறிப்பின் அட்டைக்குள் செருகிவிட்டேன்.]

உண்மையில் எது நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெட்டி வந்ததும் அவர் சுட்டியை எடுத்தார். விரல் நடுங்கியதால் அம்புக்குறி இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே அலைந்தது. என் அப்பாவின் விரல்களும் மூட்டையை இறக்கி வைத்த பிறகு அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீண்டும் திரும்பியபோது அவர் எல்லாவற்றையும் மூடியிருந்தார்; திரையில் பெட்டி இல்லை, மடலும் இல்லை. அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குப் போகவேணும், பிள்ளை” என்றார். “பாடத்தை நீ நல்லா எழுதிக் குடு.”

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. வேறு வேலை வந்துவிட்டதாக ரோஹானாவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம். அனுப்பிய மடல்களின் தொகுப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். வகுப்புக் கணக்கு, கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை நான் அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தத் தொகுப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் மகளுக்குத் தெரியாமல் பார்த்தது போலவே நானும் அவருக்குத் தெரியாமல் பார்க்கப் போகிறேன் என்று உறைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

அதனால் அந்தப் பெட்டி எனக்கு இன்னும் மூடவில்லை. கதையையும் அங்கேயே நிறுத்துகிறேன். நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். மடலில் ஒரு எழுத்துக்கூட இல்லை. விரும்பினால் நீங்கள் ஒரு வார்த்தை சேர்க்கலாம், அவருக்கு வராத அந்த வார்த்தையை. சேர்க்காமலும் விடலாம். கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நூர் முகம்மது கீழே ஷட்டரை இறக்கத் தொடங்கிவிட்டார். “மேல யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்கிறார்.